நிக்கலுக்குள் ஒரு பிடி துகள்

மொன்றியலின் கிழக்குக் கோடியில், நோத்ர்-டாம் தெருவை ஒட்டி, மொன்றியல் லோகோமோட்டிவ் வேர்க்ஸ் என்ற ரயில் எஞ்சின் தொழிற்சாலை இருந்தது. 1960களில் இந்திய மீட்டர் கேஜ் பாதைகளுக்கான ஒய்.டி.எம்.-4ஏ டீசல் எஞ்சின்கள் அங்கே உருவாகிக் கப்பலேறின. 1970களின் நடுவில் இலங்கை ரயில்வேயின் எம்-4 வகை எஞ்சின்களும் அங்கிருந்துதான் போயின. இரண்டையும் ஓட்டியது ஆல்கோ நிறுவனம் வடிவமைத்த 251 வரிசை டீசல் எஞ்சின். ஒன்றில் 6 சிலிண்டர், மற்றதில் 12. அந்தச் சிலிண்டர்களின் வார்ப்பிரும்பு லைனருக்குள் கெட்டி குரோம் முலாம் ஏற்றியிருந்தார்கள். லைனர் தேய்ந்தால் எடைக்குப் போடுவதில்லை. பழைய குரோமைக் கழற்றி, மறுபடி முலாம் ஏற்றி, அளவுக்கு ஹோனிங் செய்து மாட்டுவார்கள். எஞ்சின் உதிரிப் பாகங்களின் தேய்மானத்துக்கு இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி நம்பியிருந்த மருந்து இதுதான்.

அந்தத் தொழிற்சாலை இன்று இல்லை. குரோம் தொட்டிகள் இருக்கின்றன. ஆனால் அவற்றை மூட வேண்டும் என்ற பேச்சு இரண்டு தலைமுறையாக நடக்கிறது. அந்தப் பேச்சில் மாற்று மருந்தாக அடிக்கடி அடிபடும் பெயர் கலப்பு முலாம்: நிக்கலோ கோபால்ட்டோ படியும்போதே சிலிக்கான் கார்பைடு, குரோமியம் கார்பைடு, வைரம் போன்ற கெட்டித் துகள்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு வளரும் பூச்சு. ஐம்பது ஆண்டுக்கும் மேலாக இதை ஆராய்கிறார்கள். ஆய்வுத் தாள்களுக்குக் கணக்கில்லை. இருந்தும் இது சில இடங்களில் அசைக்க முடியாத இடத்தைப் பிடித்திருக்கிறது, பல இடங்களில் ஆய்வகத்தைத் தாண்டவே இல்லை. அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதுதான் இங்கே கேள்வி. விடை தேட மொன்றியல் நல்ல ஊர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்கேயில் விமான எஞ்சின் செய்யும் பிராட் அண்ட் விட்னி கனடா இருக்கிறது. சந்திரனில் இறங்கிய அப்போலோ கலத்துக்குக் கால்கள் செய்துகொடுத்த ஏரூ நிறுவனமும் அதே ஊர்தான். கிழக்கே வால்கூரில் பனிச்சறுக்கு வண்டிகள் பிறக்கின்றன. சுடு வாயு, பாரம், குளிர் என்று தேய்மானத்தின் மூன்று முகமும் ஒரு பகல் பயணத்துக்குள் அடங்கிவிடும்.

முதலில் குரோமின் குணத்தைப் பார்க்க வேண்டும். அதைத் தெரியாமல் மாற்றை எடைபோட முடியாது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் காலின் ஃபிங்க், சார்லஸ் எல்ட்ரிஜ் இருவரும் 1924 வாக்கில் குரோம் முலாமைத் தொழிற்சாலைக்கு ஏற்றதாக்கினார்கள். லிட்டருக்கு 250 கிராம் குரோமிக் அமிலம், அதில் நூறில் ஒரு பங்கு சல்பேட், 50 முதல் 60 டிகிரி சூடு. கிடைக்கும் பூச்சு விக்கர்ஸ் அளவில் 800 முதல் 1000 வரை கடினம். செலுத்தும் மின்சாரத்திலோ 10 முதல் 20 சதவீதம்தான் குரோமைப் படியவைக்கிறது. மீதியில் பெரும்பங்கு தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜனாகப் போகிறது. மின்சாரம் மலிவான கியூபெக்கில் அந்த வீணடிப்பு யாரையும் பெரிதாக உறுத்தவில்லை என்பது என் எண்ணம். உறுத்தியது ஹைட்ரஜன் குமிழிகள் செய்யும் வேலை. மேலே வந்து உடையும் ஒவ்வொரு குமிழியும் ஆறு இணைதிறக் குரோமியத்தை நுண்துளிகளாகக் காற்றில் தெளிக்கிறது. அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியான பொருள்களின் பட்டியலில் உள்ளது. ஹைட்ரஜனின் இன்னொரு பங்கு உருக்குக்குள்ளேயே புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோகும். அதனால்தான் விமானச் சக்கரத் தாங்கிகளின் உயர்வலு உருக்கை, முலாம் முடிந்ததும் 190 டிகிரியில் 23 மணி நேரம் அடுப்பில் வைத்து எடுக்கிறார்கள்.

இன்னொரு குறையும் உண்டு. கெட்டி குரோமின் வழவழப்பில் எண்ணெய் நிற்காது. அதற்கு வழி கண்டவர் ஹென்ட்ரிக் வான் டெர் ஹோர்ஸ்ட் என்ற டச்சுப் பொறியாளர். முலாம் ஏறியபின் மின்னோட்டத்தைத் திருப்பி விட்டால் குரோமில் இயல்பாகவே உள்ள நுண்விரிசல்கள் அகன்று ஓடைகளாகும். எண்ணெய் அவற்றில் தங்கும். பெரிய டீசல் எஞ்சின்களின் லைனர்களில் குரோம் நிலைத்ததற்கு இந்தத் தந்திரமும் காரணம். தேய்மானத்தில் கடினம் பாதிக் கதைதான், எண்ணெயை யார் பிடித்து வைக்கிறார்கள் என்பது மறுபாதி. கலப்பு முலாமின் வெற்றியும் இதே இடத்தில்தான் இருக்கிறது.

கனடா 2009இல் குரோம் தொட்டிகளுக்கென ஒரு விதித்தொகுப்பு கொண்டுவந்தது. குரோம் முலாம், குரோமிக் அமில அனோடைசிங், திருப்பு மின்னரிப்பு மூன்றும் அதன் தலைப்பிலேயே வருகின்றன. முலாம் பட்டறை மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்: புகைபோக்கியில் வெளிவரும் குரோமியத்தை வரம்புக்குள் வைப்பது, கரைசலின் பரப்பு இழுவிசையைக் குறைத்துத் துளி தெறிக்காமல் செய்வது, அல்லது தொட்டியை மூடி வைப்பது. பரப்பு இழுவிசையைக் குறைக்க அதுவரை பயன்பட்ட பொருள் பி.எஃப்.ஓ.எஸ். அதுவே மண்ணிலும் உடலிலும் அழியாமல் தங்கும் நஞ்சு என்று 2008இல் இன்னொரு விதி அதைத் தடுத்தது. முலாம் பட்டறைகளுக்கு மட்டும் 2013 மே வரை தவணை கிடைத்தது. ஒரு நஞ்சை அடக்க இன்னொரு நஞ்சைத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்த காலம் அப்படி முடிந்தது. ஐரோப்பாவில் 2017 செப்டம்பருக்குப் பின் தனி அனுமதி இல்லாமல் குரோமிக் அமிலத்தைப் பயன்படுத்த முடியாது. கலிபோர்னியா 2023இல் நாள் குறித்தே சொல்லிவிட்டது: அலங்கார முலாம் 2027 வரை, எஞ்சின், இயந்திர பாகங்களுக்கான கெட்டி முலாம் 2039 வரை.

குரோமியக் கழிவு மண்ணிலும் நிலத்தடி நீரிலும் என்ன செய்யும் என்று தமிழ் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. ராணிப்பேட்டையில் 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலையின் கழிவு மேடு போதும். 2006இல் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியல் ஒன்றில் அந்த ஊர் இடம்பெற்றது. முலாம் பட்டறை அந்த அளவு கழிவை உண்டாக்குவதில்லை. ஆனால் அது வாங்கும் குரோமிக் அமிலம் அப்படிப்பட்ட ஆலையிலிருந்து வருகிறது.

கலப்பு முலாமின் முதல் ஆய்வுத் தாளும் காலின் ஃபிங்க் கையிலிருந்தே வந்தது. 1928இல் பிரின்ஸ் என்பவரோடு சேர்ந்து அவர் செம்பு முலாமுக்குள் கிராஃபைட் துகளைப் புகுத்திக் காட்டினார். வழுக்கும் துகளைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் பூச்சு அது. குரோமைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்த மனிதரே, நான்கு ஆண்டு கழித்து, பிற்காலத்தில் குரோமுக்கு மாற்றாகப் பேசப்படவிருந்த முறைக்கும் விதை போட்டார். ஆனால் தொழில் உலகம் அதைக் கவனிக்க நாற்பது ஆண்டு ஆயிற்று.

சிமெண்டுக்குள் ஜல்லி இருப்பதுபோல நிக்கலுக்குள் துகள் இருக்கிறது என்று சொன்னால் உருவம் பிடிபடும். அது உள்ளே போகும் விதம்தான் சிக்கல். சாதாரண நிக்கல் கரைசலில், அதாவது நிக்கல் சல்பேட், நிக்கல் குளோரைடு, போரிக் அமிலம் சேர்ந்த வாட்ஸ் தொட்டியில், ஓரிரு மைக்ரான் அளவுள்ள சிலிக்கான் கார்பைடு மாவைக் கொட்டிக் கலக்குகிறோம். துகளைச் சுற்றி அயனிகள் ஒட்டிக்கொள்கின்றன. கரைசலின் ஓட்டம் அதை எதிர்மின்வாயின் அருகே கொண்டுபோகிறது. 1972இல் இத்தாலியரான குல்யெல்மி இதை இரண்டு படியாகப் பிரித்தார்: முதலில் துகள் பரப்பில் தளர்வாக அமர்கிறது, அடுத்து மின்புலத்தின் இழுப்பில் இறுக ஒட்டுகிறது, அதற்குள் சுற்றிலும் நிக்கல் வளர்ந்து அதைப் புதைக்கிறது. இந்த மாதிரியில் கரைசலின் ஓட்டத்துக்கு இடமே இல்லை. 1987இல் பெல்ஜியத்தின் செலிஸ், ரூஸ், புயெலென்ஸ் ஆகியோர் அந்தக் குறையை நிரப்பப் பார்த்தார்கள். அதற்குப் பின் வந்த மாதிரிகள் பல. ஆனால் எந்த மாதிரியும், இந்தத் தொட்டியில் இந்தப் பாகத்தைத் தொங்கவிட்டால் எத்தனை சதவீதம் துகள் ஏறும் என்று முன்கூட்டியே நம்பிச் சொல்லும் நிலைக்கு வரவில்லை. இன்றும் சோதித்துப் பார்த்துத்தான் அறிகிறார்கள்.

முலாம் தொழிலாளிக்கு இந்தத் தொட்டி தலைகீழ் உலகம். வழக்கமான நிக்கல் தொட்டியில் அவர் ஓயாமல் வடிகட்டிக்கொண்டிருப்பார். ஒரு தூசி விழுந்தாலும் பூச்சில் முள்முள்ளாக எழும். இங்கே அவரே தூசியைக் கொட்டுகிறார். அதனால் வடிகட்ட முடியாது. வடிகட்ட முடியாததால் சேர்ந்துவரும் உலோக அசுத்தத்தையும் கரிம அசுத்தத்தையும் நீக்குவது பெரும்பாடு. துகளையெல்லாம் வெளியே எடுத்துவிட்டுத்தான் கரைசலைச் சுத்தம் செய்ய வேண்டும். கலக்குவது குறைந்தால் துகள் அடியில் படியும், கூடினால் பரப்பில் அமர்ந்த துகளையே அடித்துக்கொண்டுபோகும். பாகத்தின் மேல்நோக்கிய முகத்தில் துகள் அதிகமாகவும், கீழ்முகத்தில் குறைவாகவும் ஏறும். பம்பு, குழாய், வால்வு எல்லாமே சிலிக்கான் கார்பைடால் தேயும். தேய்மானத்தைத் தடுக்கும் பொருளைத் தயாரிக்கும் இயந்திரம் அதே பொருளால் தேய்கிறது. ஆய்வுத் தாள்களின் செய்முறைப் பகுதியில் இவை ஒரு வரிக்கு மேல் வருவதில்லை.

இவ்வளவு தொல்லையையும் தாண்டி உலகெங்கும் நிலைத்த கலப்பு முலாம் ஒன்று உண்டென்றால் அது நிக்கல்-சிலிக்கான் கார்பைடுதான். ஜெர்மனியின் மாலே நிறுவனம் 1967இல் உருவாக்கி நிக்காசில் என்று பெயரிட்டது. அப்போது என்.எஸ்.யூ. நிறுவனம் ரோட்டரி எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. முக்கோண ரோட்டரின் முனைச் சீல்கள் அலுமினியக் கூட்டின் உட்சுவரை வரிவரியாகக் கீறின. அந்தச் சுவரைக் காக்க வந்ததுதான் இந்தப் பூச்சு. ரோட்டரி எஞ்சின் பெரிதாக ஓடவில்லை, பூச்சு ஓடியது. போர்ஷே பந்தயக் கார்களுக்குப் போயிற்று, 1973இன் 911 கரேரா ஆர்.எஸ். காரின் சிலிண்டருக்கும் போயிற்று. அதே ரோட்டரிச் சிக்கலுக்கு ஜப்பானின் மஸ்டா குரோம் முலாமையே தேர்ந்து வெற்றியும் கண்டது என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு நோய்க்கு இரண்டு மருந்தும் வேலை செய்தன.

கியூபெக்கில் இந்தப் பூச்சைத் தேட வேண்டிய இடம் பனிக்காடு. வால்கூரில் ஜோசஃப்-ஆர்மாண்ட் பொம்பார்டியர் 1959இல் ஸ்கீ-டூ என்ற பனிச்சறுக்கு வண்டியைக் கொண்டுவந்தார். 1970இல் அவர் நிறுவனம் அதற்கு எஞ்சின் செய்துவந்த ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸை வாங்கிக்கொண்டது. பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களில் அலுமினியச் சிலிண்டருக்குள் வார்ப்பிரும்பு ஸ்லீவ் இருக்கும். பின்னால் வந்தவற்றில் ஸ்லீவ் போய், அலுமினியத்தின் மேலேயே நிக்கல்-சிலிக்கான் கார்பைடு வந்தது.

ஏன் வந்தது என்பதை மைனஸ் 25 டிகிரியில் கயிற்றை இழுத்து வண்டியைக் கிளப்பியவர் உணர்வார். எஞ்சின் உயிர் பெற்றதும் அலுமினியப் பிஸ்டன் சட்டென்று சூடாகி விரிகிறது. சிலிண்டர் இன்னும் பனிக்கட்டிக் குளிரில் இருக்கிறது. பொறுமையில்லாமல் திராட்டிலை அழுத்தினால் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஆக, இரும்பு ஸ்லீவுக்குள் அலுமினியப் பிஸ்டன் என்றால் சூடேறியபின் இருக்கவேண்டிய இடைவெளியை முன்கூட்டியே தாராளமாக விட வேண்டும். விட்டால் குளிரில் பிஸ்டன் ஆடிச் சத்தமிடும், வாயு ரிங்கைத் தாண்டிக் கசியும். சிலிண்டர் முழுக்க அலுமினியமாகி, உள்ளே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கும் இல்லாத நிக்கல் தோல் மட்டும் இருந்தால் பிஸ்டனும் சுவரும் ஏறக்குறைய ஒன்றாகவே விரிகின்றன. சூடும் தடையின்றி வெளியே போகிறது. இடைவெளியைச் சுருக்கலாம், எடை குறைகிறது, குதிரைத்திறன் கூடுகிறது.

இந்தப் பூச்சு குரோமைவிடக் கடினம் குறைந்தது. நிக்கல் தளம் குரோமின் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. சிலிக்கான் கார்பைடு மட்டும் விக்கர்ஸ் 2500ஐ ஒட்டி நிற்கும். எடையில் 4 சதவீதம் துகள் என்றால் கன அளவில் பத்தில் ஒரு பங்கு. வைரக் கல்லால் ஹோனிங் செய்யும்போது மென்மையான நிக்கல் சற்றே கீழிறங்க, துகள்கள் தலை நீட்டி நிற்கின்றன. ரிங் அந்தத் தலைகளின் மேல் ஓடுகிறது. இடையில் உள்ள பள்ளத்திலும் ஹோனிங் கோட்டிலும் எண்ணெய் நிற்கிறது. வான் டெர் ஹோர்ஸ்ட் மின்னோட்டத்தைத் திருப்பிச் செய்ததை இது தன் உடலமைப்பிலேயே செய்கிறது. குரோம் ரிங்கோடு சேர்ந்து ஓடும் பொருத்தமும் இதற்கு உண்டு. குரோம் சுவரில் குரோம் ரிங் போட முடியாது, இரண்டும் ஒன்றையொன்று பிறாண்டும்.

தோற்ற கதையும் இதே பூச்சுக்கு உண்டு, அதைக் கனடா வாசகர் தெரிந்துகொள்ள வேண்டும். 1990களில் பி.எம்.டபிள்யூ., ஜாகுவார் நிறுவனங்கள் தங்கள் சில கார் எஞ்சின்களின் சிலிண்டருக்கு நிக்காசில் போட்டன. வட அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் விற்ற பெட்ரோலில் அப்போது கந்தகம் மிகுதி. கந்தகம் எரிந்து, குளிர்ந்த சுவரில் படியும் நீரோடு கூடி அமிலமானது. நிக்கல் அதில் கரைந்தது. எஞ்சின் முழுதாகச் சூடாகும் முன்பே அணைத்துவிடும் குறும்பயணக்காரர்களின் கார்கள்தான் முதலில் இழுப்புச் சக்தி இழந்தன. நிறுவனங்கள் எஞ்சின்களை மாற்றிக்கொடுத்து, சிலிண்டர் சுவரையும் வேறு வகைக்கு மாற்றின. கனடா 1999இல் கொண்டுவந்த விதி 2005இலிருந்து பெட்ரோலில் கந்தகத்தைக் கிலோவுக்குச் சராசரி 30 மில்லிகிராமுக்கு இறக்கியது. அது நச்சுப்புகையைக் குறைக்க வந்த விதி, சிலிண்டரையும் காப்பாற்றியது. அந்த விதிக்குப் பிறகு இந்தப் பூச்சை மறுபடி மதிப்பிட்டிருக்க வேண்டும். கார் உலகம் அதற்குள் பிளாஸ்மாத் தெளிப்புப் பக்கம் பெரிதும் போய்விட்டது. மோட்டார் சைக்கிள்கள் விடவில்லை. ஓசூரில் டி.வி.எஸ். ஆலையில் பி.எம்.டபிள்யூ.வுக்காகச் செய்யப்படும் ஜி 310 வண்டிகளின் சிலிண்டர் சுவரும் இந்தக் குடும்பத்துப் பூச்சுதான்.

அடுத்து விமான எஞ்சினின் சுடுபகுதிக்குப் போகலாம். விமான எஞ்சினில் இரண்டு பாகங்கள் சுழலாமல், வெறும் அதிர்வால் ஒன்றோடொன்று உரசும் இடங்கள் நிறைய. பல நூறு டிகிரி சூட்டில் எண்ணெய் என்ற பேச்சுக்கே இடமில்லை. குரோம் அங்கே மென்மையாகித் தோற்கும். இங்கிலாந்தில் கெட்வர்டும் கூட்டாளிகளும் 1970களில் இதற்கென்று கோபால்ட்டுக்குள் குரோமியம் கார்பைடு துகளைப் புகுத்தினார்கள். 1976இல் அதைப் பற்றி எழுதவும் செய்தார்கள். இந்தப் பூச்சின் அழகு அதன் நடத்தையில் இருக்கிறது. சூட்டில் கோபால்ட் ஆக்சைடாகிறது. உரசலில் அந்த ஆக்சைடு மசிந்து கண்ணாடிபோல் பளபளக்கும் மெல்லிய தோலாகிறது. அந்தத் தோல்தான் அதன்பின் தேய்மானத்தைத் தாங்குகிறது. குளிர்ந்த நிலையில் சுமாராக இருக்கும் பூச்சு சூடேறினால் தேறுகிறது. அறை வெப்பநிலையில் ஊசியை வட்டத்தகட்டில் உரசிப் பார்க்கும் சோதனையை மட்டும் நம்பியிருந்தால் இதை முதல் வாரத்திலேயே கைவிட்டிருப்பார்கள். இதே வழியில் டர்பைன் பிளேடுகளின் நுனியில் போரான் நைட்ரைடு துகளை நிக்கலால் நட்டுவைக்கும் முறையும் வளர்ந்தது. அங்கே நோக்கம் நேர்மாறு: பிளேடு தேயாமல், எதிரே உள்ள உறையை அது அரைத்துத் தன் பாதையைத் தானே வெட்டிக்கொள்ள வேண்டும்.

இந்த இரண்டு வெற்றிக்கும் பொது அம்சம் ஒன்று தெரிகிறது. நிக்கல்-சிலிக்கான் கார்பைடும் கோபால்ட்-குரோமியம் கார்பைடும் குரோமை விரட்ட வந்தவை இல்லை. ஒன்று அலுமினியச் சிலிண்டர், வைர ஹோனிங், பொருத்தமான ரிங், எண்ணெய் என்ற முழுக் குடும்பத்தின் உறுப்பினராகப் பிறந்தது. மற்றது குரோம் நுழையவே முடியாத சூட்டுக்காகப் பிறந்தது. குரோம் நன்றாகச் செய்துகொண்டிருந்த வேலையை அதே பாகத்தில், அதே வரைபடத்தில், அதே விலையில் செய்துகாட்டு என்று கேட்டபோதெல்லாம் கலப்பு முலாம் தடுமாறியது.

சக்கரத் தாங்கி அதற்குச் சரியான சாட்சி. இங்கே குரோமுக்கு மாற்றாக வந்தது வேறொன்று: அதிவேகச் சுடர்த் தெளிப்பு. டங்ஸ்டன் கார்பைடு-கோபால்ட் துகளை ஒலியைவிட வேகமான சுடரில் பறக்கவிட்டு உருக்கின் மேல் அறைவது. இந்தத் துறையில் மொன்றியலை அடுத்த பூஷர்வில்லில் உள்ள தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் கூடம் பெயர் பெற்றது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை குரோமுக்கு மாற்றுத் தேட அமைத்த குழுவோடு கனடாவின் குழுவும் கைகோத்துச் சோதனை நடத்தியது. தெளிப்பு குரோமைவிடக் கடினம், தேய்மானம் குறைவு, ஹைட்ரஜன் தொல்லை இல்லை, 23 மணி நேர அடுப்பும் இல்லை. இத்தனைக்கும் மேல் ஒரு குறை: தெளிப்புத் துப்பாக்கிக்கு இலக்கு கண்ணில் பட வேண்டும். ஒரு சாணுக்குமேல் தள்ளி நின்று நேராகத் தெளிக்க வேண்டிய கருவியைக் குறுகிய குழாய்க்குள் எப்படி நுழைப்பது? ஹைட்ராலிக் சிலிண்டரின் உட்சுவர், முளை மாட்டும் துளை, உள்மூலை எல்லாம் குரோமிடமே மிஞ்சின. மின்முலாம் கரைசல் போகும் இடமெல்லாம் போகும். உள்ளே ஓர் ஆனோடைச் செருகினால் போதும்.

அந்த உட்சுவர்தான் கலப்பு முலாமுக்கு நியாயமாகக் கிடைத்திருக்க வேண்டிய இடம். கனடாவிலேயே அதைக் கேட்டு முன்வந்தது வேறொரு முலாம், துகள் எதுவும் இல்லாதது. டொரண்டோவின் இன்டெக்ரான் நிறுவனம் கோபால்ட்-பாஸ்பரஸ் உலோகக்கலவையைப் பத்து நானோமீட்டர் அளவுக் குறுமணிகளாகப் படியவைத்தது. அதன் வேர் ஒண்டாரியோ அணுமின் நிலையங்களில் இருக்கிறது: 1990களில் நீராவி உற்பத்திக் கலன்களின் குழாய் உட்புறத்தை வெட்டி எடுக்காமலே சரிசெய்ய நானோ நிக்கல் முலாமை ஏற்றினார்கள். கோபால்ட்-பாஸ்பரஸின் மின்சாரத் திறன் 90 சதவீதம். குரோமைவிடப் பலமடங்கு வேகமாக ஏறும். ஏற்கெனவே உள்ள தொட்டியை வைத்தே ஓட்டலாம். கடினம் குரோமைவிடக் குறைவுதான். ஆனால் அமெரிக்கக் கடற்படை விமானப் பட்டறைகளின் கண்ணில் அது பட்டதற்குக் காரணம் நடைமுறை எளிமை. தொட்டியில் துகள் இல்லை, வடிகட்டலாம், அளக்கலாம், நேற்று வந்தது நாளையும் வரும். கலப்பு முலாமால் கொடுக்க முடியாத உறுதி அதுதான்.

பழுதுபார்ப்பும் இதில் சேர்கிறது. சக்கரத் தாங்கியைக் குறிப்பிட்ட காலத்துக்கொரு முறை பிரித்து, பழைய பூச்சை முழுவதும் நீக்கி, உருக்கில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் மறுபடி பூசுவார்கள். குரோமைக் காரக் கரைசலில் மின்சாரம் விட்டே உரித்துவிடலாம். உருக்கின் மேலுள்ள நிக்கலை உருக்குக்கு ஊறு வராமல் உரிப்பது அவ்வளவு சுலபமில்லை. பெரும்பாலும் சயனைடு அல்லது நைட்ரோ-அரோமாட்டிக் கரைசல்கள் வேண்டும். பூச்சைப் பற்றி எழுதுபவர்கள் அதை ஏற்றுவதைப் பற்றியே எழுதுகிறார்கள். பட்டறைக்காரர் முதலில் கேட்பது எப்படி இறக்குவது என்று.

கடந்த முப்பது ஆண்டின் ஆய்வுக் குவியலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நானோ என்ற சொல் வந்தபின் நிக்கலுக்குள் நானோ அலுமினா, நானோ டைட்டானியா, நானோ வைரம், கார்பன் குழாய், கிராஃபீன் எல்லாம் போயின. தமிழ்நாட்டிலும் இதன் பங்கு சிறிதல்ல. அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் கொண்டு 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மின்முலாமில் நாட்டுக்கே முன்னோடி. கலப்பு முலாமும் அங்கே நெடுங்காலமாக ஆராயப்பட்டது. ஆனால் உலகளவில் வெளிவந்த தாள்களை வரிசையாகப் படித்தால் ஒரே அச்சு தெரிகிறது. கால் லிட்டர் பீக்கர், விரல் நகம் அளவு தகடு, துகளைப் பிரிக்கக் கொஞ்சம் பரப்புச்செயலி, கடைசியில் கடினம் இத்தனை சதவீதம் கூடிற்று என்று ஒரு வரைபடம். ஒப்பீடு பெரும்பாலும் வெறும் நிக்கலோடு. நிக்கலைவிட நன்றாயிருப்பது சாதனையா? குரோமோடு, அதுவும் எண்ணெயோடு, பாரத்தோடு, சூட்டோடு ஒப்பிட்டவை சொற்பம். ஒருவர் போட்ட பாரமும் வேகமும் எதிர்ப்பொருளும் இன்னொருவரோடு ஒத்துப்போவதில்லை, ஆகவே முடிவுகளை ஒரே தாளில் வைத்துப் பார்க்க முடியாது.

நானோத் துகளுக்கென்று தனிச் சாபமும் உண்டு. நிக்கல் கரைசலில் அயனிகள் அடர்த்தி மிக அதிகம். துகள்களை ஒன்றையொன்று தள்ளிவைக்கும் மின்படலம் அங்கே சுருங்கிப்போகிறது. ஐம்பது நானோமீட்டர் துகள்கள் கூடிக்கூடி மைக்ரான் கட்டிகளாகின்றன. மீயொலியால் கலைத்தால் பீக்கரில் கொஞ்ச நேரம் கேட்கும். ஐயாயிரம் லிட்டர் தொட்டியை அப்படிக் கலைத்துக்கொண்டே இருக்க முடியாது. பரப்புச்செயலி சேர்த்தால் அதுவும் பூச்சுக்குள் போய் நிக்கலை நொறுங்க வைக்கும். ஒன்றிரண்டு மைக்ரான் துகளோடு நின்றுவிட்ட தொழில்துறை பழமைவாதத்தால் அப்படி நிற்கவில்லை. அந்த அளவில்தான் துகள் கரைசலில் சொன்ன பேச்சைக் கேட்கிறது.

நஞ்சுக் கணக்கும் முழுக்க இந்தப் பக்கம் சாய்வதில்லை. நிக்கல் சேர்மங்களும் புற்றுநோய்ப் பட்டியலின் முதல் வகுப்பில்தான் இருக்கின்றன. தோல் ஒவ்வாமை அதற்குமேல். கோபால்ட்டையும் கரையும் கோபால்ட் உப்புகளையும் 2022இல் அந்தப் பட்டியலை வெளியிடும் சர்வதேச அமைப்பு அடுத்த வகுப்பில் சேர்த்தது. நிக்கல் தொட்டியின் மின்திறன் 95 சதவீதத்தை ஒட்டியது என்பதால் குமிழியும் தெறிப்பும் மிகக் குறைவு. தொட்டியருகே நிற்பவருக்கு அது உண்மையான லாபம். கழிவுநீரைப் பொறுத்தவரை இடம் மாறியதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் மாறவில்லை.

கியூபெக்குக்கு இதில் ஒரு தற்செயல் வாய்ப்பு உண்டு. வடகோடியில் ராக்லான் சுரங்கம் 1997இலிருந்து நிக்கல் கொடுக்கிறது. மலிவான நீர்மின்சாரத்தை நம்பி ஷாவினிகன் பக்கம் சிலிக்கான் கார்பைடு உலைகள் நெடுநாள் எரிந்தன. இருந்தும் ஒரு நல்ல சிலிண்டர் முலாம் பட்டறை வேண்டுமென்றால் பனிவண்டிக்காரர்கள் பெரும்பாலும் எல்லை தாண்டி அமெரிக்காவுக்குத்தான் சிலிண்டரை அனுப்புகிறார்கள். கவ்விப்போன சிலிண்டரின் அலுமினியத்தை வெல்டிங்கில் நிரப்பி, துத்தநாகப் பூச்சில் அடித்தளமிட்டு, நிக்கல்-சிலிக்கான் கார்பைடு ஏற்றி, ஹோனிங் செய்து அனுப்பும் வேலை அது. புதுச் சிலிண்டர் விலையைவிட மிகக் குறைவு. பெரிய விமான நிறுவனங்களின் தர அங்கீகாரம், பல ஆண்டுச் சோதனை எதுவும் இதற்குத் தேவையில்லை. கலப்பு முலாமில் கைப்பழக்கம் ஊறிய தொழிலாளிகளை உருவாக்க இதைவிட எளிய பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை. விமானத் துறை மானியங்களோடு ஒப்பிட்டால் இந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மின்சார வண்டி வந்தால் சிலிண்டரே இருக்காதே என்ற கேள்வி நியாயம். மொன்றியலில் பிறந்த டைகா நிறுவனம் மின்சாரப் பனிச்சறுக்கு வண்டி செய்து புகழ்பெற்று, 2024இல் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. கடுங்குளிரில் பேட்டரியின் திறன் சுருங்கும்வரை காட்டுப் பாதையில் டூ ஸ்ட்ரோக்குக்கு வேலை இருக்கும். விமானச் சக்கரத் தாங்கியின் உட்சுவருக்கோ எந்த எஞ்சின் போனாலும் வந்தாலும் கவலையில்லை. விமானம் தரையிறங்கும்வரை அது உரசும். கனடாவின் விதி இன்னும் குரோமுக்கு முடிவுநாள் குறிக்கவில்லை. கலிபோர்னியாவின் 2039ஐ லொங்கேய் பட்டறைகள் தங்கள் நாட்காட்டியில் குறித்துக்கொண்டால் நல்லது. அதற்குள் உட்சுவருக்குத் தகுதி பெற வேண்டிய பூச்சு இன்றே சோர்வுச் சோதனை மேடையில் ஏறியிருக்க வேண்டும். விமானத் துறையில் ஒரு பூச்சு அங்கீகாரம் பெறப் பத்து ஆண்டு என்பது நிதானமான கணக்கு.